கடலுக்குப் போகவிருந்த தொட்டில் ஸ்பிரிங்

மதியக் கடற்காற்றில் குளச்சலே கண்ணயர்ந்திருந்தது. கைக்குழந்தையான மகளைத் தொட்டிலில் ஆட்டியபடி நானும் பாதித் தூக்கத்தில் இருந்தேன். திடீரென ஸ்பிரிங் அறுந்து, கீழே விரித்திருந்த மெத்தையில் தொட்டிலோடு விழுந்தாள். நல்லவேளை, அடி படவில்லை.

புதிதாக வாங்கிய தொட்டில் அது. கடைக்காரருக்குப் போன் செய்தேன். "நீங்க வேகமா ஆட்டியிருப்பீங்க," என்றார். என் தவறுதானோ என்று குழம்பிப்போனேன்.

அதற்குள் மாமியார், "பிள்ளய விழத்தட்டின சாதனம் வீட்டில கெடக்கப்புடாது மக்கா. கடல்ல போட்டுட்டு வாறேன்," என்று அறுந்த ஸ்பிரிங்கோடு கிளம்பினார். நானும் தலையாட்டினேன். அவர் போன பிறகு, கடைக்காரர் மேல் புகார் கொடுக்க முடியுமா என்று கேட்க நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தால், முதல் கேள்வியே "உடைந்த பொருள் கையில் இருக்கிறதா?" என்பதுதான்.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மணலில் ஓடினேன். கனவில் ஓடுவதுபோல் கால் நகரவே இல்லை.

"மாமி, போடாதீங்க!"

அலையில் நின்றவர் திரும்பினார். "ஏட்டி, இந்த அறுந்துபோன கம்பிக்கா பிள்ளயத் தூக்கிட்டு வெயில்ல ஓடி வாற?"

அந்த ஸ்பிரிங்கை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம். பரிசோதனையில் ஸ்பிரிங் தரமற்றது என்று தெரிந்தது. அந்த வகைத் தொட்டிலைக் கடையில் விற்கக் கூடாதென்று உத்தரவாயிற்று.

இப்போதெல்லாம் எது உடைந்தாலும் முதலில் படமெடுத்து, பில்லோடு பத்திரமாக எடுத்து வைக்கிறேன். என் தவறா என்று கலங்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.