போனில் ட்யூன் செய்த ஸ்கூட்டர்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஸ்கூட்டரைக் கெடுப்பதற்கென்றே திருப்புளி வாங்கிய மனிதன், எனக்குத் தெரிந்து, வலங்கைமான் வட்டாரத்தில் நான் ஒருவன்தான். மற்றவர்கள் கெட்டதைச் சரிசெய்ய வாங்குவார்கள். என் புத்திக்கு எப்போதும் ரிவர்ஸ் கியர்.

இது ஞாபகம் வரக் காரணம் என் மகளுடைய புது வண்டி. போன வாரம் வாசலில் முரண்டு பிடித்தது. "தள்ளு, அப்பா பாக்குறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்து கார்புரேட்டரைத் தேடினேன். அடியில் படுத்தும் தேடினேன். "அப்பா, இதுல அதெல்லாம் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர்" என்று கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். எந்தக் குழாயைப் பிடுங்கினேனோ, கையெல்லாம் பெட்ரோல். அந்த வாசனை வந்தால் எனக்குப் பெட்ரோல் பங்க் ஞாபகம் வராது, எஸ்.டி.டி. பூத்துதான் வரும்.

என் அண்ணன் சவரி, ஒரு ரைஸ்மில்லில் ஃபிட்டராக இருந்தான். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை பொய்த்து மில் படுத்ததும் மஸ்கட்டுக்குப் போனான். போகும்போது ஸ்கூட்டரை என்னிடமும் ஒரு வாக்கை அம்மாவிடமும் விட்டுப்போனான்: திரும்பி வந்ததும் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போவான். அம்மா அதை வேண்டுதலாகவே ஆக்கிக்கொண்டாள். பஸ்ஸில் போக மாட்டாள். "நான் கூட்டிட்டுப் போறேம்மா" என்றால், "உன் பின்னாடி உக்காந்தா மாதா கோயிலுக்குப் போக மாட்டேன், நேரா மாதாகிட்டயே போயிருவேன்" என்பாள். நான் ஓட்டும் லட்சணத்துக்கு வழியிலிருந்த வாய்க்கால்களே சாட்சி.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. மத்தியானம் கடைத்தெரு பூத்துக்குப் போன் வரும். அம்மா முன்னால் நடப்பாள். நான் பின்னால் அவள் நடைவேகத்தில் ஸ்கூட்டரை ஊரவிடுவேன். இவ்வளவு ஊர்வலமும் எதற்கு? "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "வெயிலா?" "வெயிலுதான்." முடிந்தது. போகப்போக வெயிலும் விட்டுப்போனது.

ஒருநாள் நான் அணைக்க மறந்த ஸ்கூட்டர் வாசலில் இருமியது. மறுமுனையில் அண்ணன் குரல் மாறியது. "டேய், என்னடா அது? சும்மா நிக்கும்போதே ஐட்லிங் ஏறி ஏறி இறங்குது. போனை அங்க கொண்டு போ!"

ஒயர் எட்டும்வரை ரிசீவரை இழுத்து, வண்டியைப் படியில் ஏற்றி, பூத்துக்காரரின் திருப்புளியை இரவல் கேட்டுப் பக்கத்து மூடியைக் கழற்றி, ரிசீவரை என்ஜினிடம் பிடித்தேன். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து காதாலேயே ட்யூன் செய்தான். "கார்புரேட்டர்ல காத்துத் திருகை லேசா உள்பக்கம் திருப்பு. டேய், லேசான்னா லேசா! இது என்ன பம்புசெட்டா? ம்... கொஞ்சம் வெளிய. அங்கயே நிறுத்து." என்ஜின் தடுமாற்றம் நின்று சீராக முணுமுணுத்தது. பூத்துக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஏம்ப்பா, பூத்துக்குக் கொசுமருந்தா அடிக்கிறே?" என்றார். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ரிசீவரோடு காதை ஒட்டவைத்திருந்தாள். "வண்டிகிட்டதான் பேசுறான். பேசட்டும், குரல் கேக்குதுல்ல."

அப்புறம்தான் சொந்தமாகத் திருப்புளி வாங்கினேன். வெள்ளிக்கிழமை கிளம்புமுன் அந்தத் திருகைக் கண்டபடி திருப்பிவிடுவேன். வாரமெல்லாம் சொன்னபடி கேட்ட வண்டி, போன் வரும் நேரத்துக்குச் சரியாகக் காசநோய்க்காரன்போல இருமும். அண்ணன் என்னைத் திட்டுவான். அம்மா ஆசைதீரக் கேட்டுக்கொண்டிருப்பாள். கடைசியில், "எப்பய்யா வர்றே?" என்பாள். "வண்டிய ரெடியா வச்சிருக்கச் சொல்லும்மா" என்பான். எவ்வளவு ரெடியாக வைத்திருந்தேன் தெரியுமா!

பிறகு வீட்டுக்கே போன் வந்தது, பிறகு சட்டைப்பைக்குள் வந்தது. எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆனதும் வெள்ளிக்கிழமை என்ற ஒன்று இல்லாமல் போயிற்று. அண்ணன் மஸ்கட்டிலிருந்து கனடாவுக்குப் போனான். அம்மா போய்ச் சேர்ந்தபோது அவனுடைய பாஸ்போர்ட் விசாவுக்காக எந்த மேசையிலோ மாட்டிக்கொண்டிருந்தது, வர முடியவில்லை. வேளாங்கண்ணியை அவள் பார்க்கவேயில்லை. பூத் இப்போது செல்போன் உறை விற்கும் கடை.

மகள் கைகொடுத்துத் தூக்கிவிட்ட அன்று சாயங்காலம், கொட்டகையில் நிற்கும் ஸ்கூட்டரின் தார்ப்பாயை விலக்கினேன். எப்போதாவது உதைத்து உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதுண்டு. என் முழங்காலும் வண்டியும் மாறி மாறி முனகி, கடைசியில் வண்டி பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை நான் திருகைத் தொடவில்லை, அதுவாகவே தடுமாறியது. வீடியோவில் அண்ணனைக் கூப்பிட்டேன். தலையெல்லாம் நரை, பின்னால் ஜன்னலில் பனி. போனை என்ஜின் பக்கம் நீட்டினேன்.

"கேக்குதாண்ணே? எந்தப் பக்கம் திருப்பணும்?"

கேட்டுக்கொண்டே இருந்தான். நான் திருப்புளியைத் திருகில் வைத்தபடி காத்திருந்தேன். வண்டி ஏறி, இறங்கி, ஒருமுறை செருமி, நின்றுவிட்டது.

"ஒரு தடவை நேர்ல வந்து பாத்துட்டுப் போயேண்ணே. வேளாங்கண்ணிக்கு நாமளாவது போயிட்டு வருவோம்."

"எடைக்குப் போட்டுருடா" என்றான்.