இறந்தவர் பெயருக்கு வந்த வாய்தா

எங்கள் வக்கீல் மாரடைப்பில் போன பிறகும் அவருடைய போன் என் மேசையில் உயிரோடு இருந்தது. வீட்டில் அது அடித்தால் தாங்க முடியவில்லை என்று அவர் மனைவி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

உத்திரமேரூர் கோர்ட்டுக்கு எதிரே இருந்த அந்த ஆபீஸைத் திறந்து கூட்டுவது, வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுப்பது, டீ வாங்கி வருவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. அவர் போன பிறகும் காலையில் திறந்து, கூட்டி, உட்கார்ந்திருந்தேன். போனுக்கு மட்டும் சார்ஜ் போட்டு வைப்பேன். அது அதிரும்போதெல்லாம் உள்ளறையில் அவர் நாற்காலியை நகர்த்துவது போலிருக்கும்.

அவரோடு படித்த இன்னொரு வக்கீல் அடிக்கடி திட்டுவார். “டேய், வக்காலத்துல ஒன் பேரு மட்டும் போடாத. இன்னொருத்தன் பேரையும் சேத்துக்க. திடீர்னு நீ பூட்டா ஒன் கட்சிக்காரன் இன்னா பண்ணுவான்?”

“ஆவியா வந்து ஆஜராவறேன், போடா,” என்பார் இவர். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் போனில் இங்கிலீஷில் ஒரு மெசேஜ் வந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம் காட்டினேன்.

“கோர்ட்டுலர்ந்து வந்துகீதுண்ணா. நாளைக்கி கேஸாம்,” என்று வழக்கு நம்பரைப் படித்தாள்.

கட்டைத் தேடி எடுத்தேன். மாகறலிலிருந்து வரும் கட்சிக்கார அம்மாவுடையது. புருஷன் இறந்த பின், அந்த அம்மா குடியிருக்கும் வீடு தன்னுடையது என்று கொழுந்தன் போட்ட வழக்கு. நம் பக்கம் யாரும் ஆஜராகாவிட்டால் கொழுந்தன் சொன்னதே தீர்ப்பாகிவிடும். உடனே அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“இன்னாண்ணா சொல்ற? வக்கீலே பூட்டாரு, கேஸு எப்டி நடக்கும்? அன்னிக்கி கோர்ட்டே எழுந்து நின்னுச்சே, வாசல்லர்ந்து பாத்தேனே. அவுங்களுக்குத் தெரியாதா?”

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இரங்கலுக்கு அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஆனால் கட்டுக்கு அது தெரியாது. அதில் அவர் இன்னும் வக்கீலாகவே இருந்தார்.

அவரோடு படித்த அந்த வக்கீலைப் போனில் கூப்பிட்டேன். அவருக்கு மறுநாள் செங்கல்பட்டில் வழக்கு. “அந்தம்மாவ இட்டுக்கினு போயி நேரா ஜட்ஜிகிட்ட சொல்லு. டைம் குடுப்பாங்க,” என்றார்.

மறுநாள் கோர்ட்டில் எங்கள் வழக்கு நம்பரைக் கூப்பிட்டார்கள். நீதிபதி புதிதாக மாற்றலாகி வந்தவர். கட்டைப் பார்த்து எங்கள் வக்கீலின் பெயரைச் சொன்னார். யாரும் எழவில்லை. முன்வரிசை வக்கீல்கள், வேறு யாராவது சொல்லட்டும் என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மறுபடி அதே பெயர். இதோ வந்துவிடுவார் என்றே வாசலைப் பார்த்தேன்.

மாகறல் அம்மா என் முழங்கையை இடித்தார். “வாயத் தொறண்ணா. என் வூடுண்ணா!”

“செத்துட்டாருங்க ஐயா,” என்றேன்.

அதுவரை அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மாவை முன்னால் அழைத்து, வேறு வக்கீல் வைத்துக்கொள்ள அவகாசம் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மாகறல் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “இத்தினி நாளா நாலு பேரு எதுர்ல நீ ஊமன்னு நெனச்சிக்கினு இருந்தேண்ணா.”

அன்று பகல் முழுக்க மற்றக் கட்டுகளை இறக்கி, கட்சிக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அதே சொல்லைச் சொன்னேன். தனியாகத் தொழில் செய்கிற வக்கீல்களைக் கேட்டுக்கொள்கிறேன்: வக்காலத்தில் இன்னொருவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். நீங்கள் இல்லாவிட்டால் போன் யாரிடம் போக வேண்டும் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

மாலையில் கதவைச் சாத்தும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஜெராக்ஸ் கடைப் பெண் வாங்கிப் பார்த்தாள். மாகறல் வழக்கின் அடுத்த வாய்தா.

“சாரு பேருக்குத்தாண்ணா வந்துகீது,” என்றாள் மெதுவாக.

சார்ஜ் குறைந்திருந்தது. மறுபடி கதவைத் திறந்து, போட்டுவிட்டு வந்தேன்.