எல்லைக்கல் வரைக்கும் என் வண்டி

எங்கள் பிக்கப் வண்டியில் முதல் தடவை ஏறி உட்காருகிற எவரும் பத்தடி போவதற்குள் இரண்டு தடவையாவது எஞ்சினை அணைத்துவிடுவார்கள். கிளட்ச் ரொம்ப மேலே வந்துதான் பிடிக்கும். பாதத்தை முக்கால்வாசி எடுத்த பிறகும் ஒன்றும் நடக்காது. சரி, இன்னும் கொஞ்சம் என்று எடுத்தால் மாடு உதைத்த மாதிரி குலுக்கிவிட்டு நின்றுவிடும். இரண்டாவது கியர் நேராக விழாது. நியூட்ரலில் ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, உள்ளங்கையால் தள்ள வேண்டும். கை பிரேக் பேருக்குத்தான் இருக்கிறது. சரிவில் நிறுத்தினால் முதல் கியரில் போட்டுவிட்டு இறங்கி, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுக்க வேண்டும். அந்தக் கல் எப்போதும் என் சீட்டுக்கு அடியில் கிடக்கும்.

இதையெல்லாம் சரி பண்ணியிருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. அப்படிக் கேட்டவர் ஒருவர்கூட, வண்டி பட்டறையில் நிற்கும் நாளில் என் தேங்காயை ஏற்றிக்கொண்டு போக வந்ததில்லை.

கிணத்துக்கடவுப் பக்கத்துத் தோப்புகளில் காய் எடுத்து, காங்கேயத்தை அடுத்த எங்கள் ஊர்க் களத்தில் உடைத்துக் காயப்போட்டு, பருப்பை எண்ணெய் மில்லுக்குக் கொடுப்பது எங்கள் தொழில். வண்டியை வீட்டுக்காரர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு களத்திலேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு வண்டி ஆறு மாதம் தகரக் கொட்டகையில் நின்றது. வந்த டிரைவர்களில் ஒருவர் குடித்தார், இன்னொருவர் சொல்லாமல் நின்றுவிட்டார். நான் காங்கேயத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தேன். பிறகு வண்டியைக் களத்துக்குக் கொண்டுவந்து, காயப்போட்ட தேங்காயைச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். எத்தனை தடவை அணைந்தது என்று கேட்காதீர்கள். இடது முழங்கால் வீங்கி, மாடிப்படி ஏற முடியாமல் போனது. அந்த வீக்கம் வடிவதற்குள் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

ஊர் முதலில் வேடிக்கை பார்த்தது. அப்புறம் ஒரு பாட்டம் பேசியது. பேசி முடித்த கையோடு வண்டி கேட்டு வந்தது. கல்யாண வீட்டுப் பாத்திரமா, கூப்பிடு. ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத கிழவரா, கூப்பிடு. நானும் போனேன். கல்யாண மண்டபத்தில் சமையல் சாமானைப் பின்வாசலில் இறக்கிவிட்டு அப்படியே திரும்பிவிடுவேன். முன்வாசலுக்கு வராதே என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கே தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும்.

எங்கள் மாரியம்மன் பொங்கலுக்குக் கொடுமுடிக்குப் போய்க் காவிரியில் தீர்த்தம் எடுத்து வருவது வழக்கம். விடிகாலையில் கிளம்பிப் போய் ஆற்றில் முழுகி, குடங்களில் நீர் எடுத்து, பூச்சுற்றி, மதியத்துக்குள் ஊர் திரும்ப வேண்டும். அந்தத் தண்ணீர் வந்து சாமிக்கு ஊற்றிய பிறகுதான் பொங்கல் வைக்கலாம். வீட்டுக்காரர் இருந்தவரை தீர்த்த வண்டி எங்கள் வண்டிதான். அவர் போன பிறகு இரண்டு வருஷம் வெளியிலிருந்து வண்டி பிடித்தார்கள். போன வருஷம் கோயில் கமிட்டித் தலைவர் வீட்டுக்கே வந்தார். என் மாமனாருக்குப் பங்காளி முறை, எனக்கு மாமா.

"இந்த வருசம் நம்ம வண்டியே போகட்டும் கண்ணு," என்றார்.

"வண்டி போறதுன்னா நான்தாங்க மாமா ஓட்டுவேன்," என்றேன்.

"அதுக்கென்ன கண்ணு, பாத்துக்கலாம்."

எங்கள் பக்கத்தில் ஒருவர் 'பாத்துக்கலாம்' என்றால் முடியாது என்று அர்த்தம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் ஆசை கண்ணை மறைத்தது. அந்தத் தண்ணீரை நான் ஓட்டிக்கொண்டுவந்து கோயில் வாசலில் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வேறெதுவும் நான் அந்த ஊரிடம் கேட்டதில்லை. முதல் நாள் வண்டியை உள்ளும் புறமும் கழுவினேன். முன்கண்ணாடிக்கு மேலே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். வண்டிக்கு வைக்கலாம், எனக்குத்தான் கூடாது.

விடிகாலையில் என் கொழுந்தனார் வந்து நின்றார். வீட்டுக்காரருக்கு நேர் இளையவர். கோயம்புத்தூரில் கம்பெனி வேலை, கியர் போடத் தேவையில்லாத கார். இடது கால் ஒன்று இருப்பதே அவருக்கு மறந்து போயிருக்கும்.

"ஏனுங்க அண்ணி, வண்டிச் சாவி வேணுமுங்க."

"நான் ரெடியாத்தான் இருக்கறேன், போலாம்."

அவர் தன் செருப்பைப் பார்த்தார். "நீங்க எதுக்குங்க அலையோணும். வண்டி மட்டும் குடுத்தீங்கன்னாப் போதுமுங்க. நாங்க போயிட்டு வந்துர்றோமுங்க."

இத்தனை 'ங்க' போட்டுப் பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை பிடிப்பது? எங்கள் ஊரில் ஒருவரை வெளியே தள்ளுவதாக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் தள்ளுவார்கள். அழுதுவிடுவேனோ என்ற பயத்தில் சாவியை எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது, கை பிரேக் பிடிக்காது, கல் சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். "செரிங்க, செரிங்க," என்று சொல்லிக்கொண்டே போனார். தெரு முனைக்குள் மூன்று தடவை அணைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து மணி இருக்கும், போன் வந்தது.

"ஏனுங்க அண்ணி, வண்டி சித்தெ பொறகால உருண்டு போச்சுங்க."

ஆற்றுக்கு இறங்குகிற சரிவில் நிறுத்தியிருக்கிறார். தன் கார் பழக்கத்தில் முதல் கியரில் போடாமல் நியூட்ரலில் விட்டு, கை பிரேக்கை இழுத்துவிட்டு எல்லோரோடும் முழுகப் போயிருக்கிறார். திரும்பி வந்து நிரப்பிய குடங்களை ஏற்றியதும் கனம் தாங்காமல் வண்டி பின்னால் ஓடி ஒரு மதிலில் போய் முட்டியிருக்கிறது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குடங்கள் கவிழ்ந்து தீர்த்தம் முழுக்க ரோட்டில் ஓடிவிட்டது. மேலே ஏற்றுகிறேன் என்று அரை கிளட்சில் வைத்து முறுக்கு முறுக்கென்று முறுக்கியதில் புகை வந்திருக்கிறது. "வண்டியே சரியில்லீங்க அண்ணி, நீங்க வந்தாத்தான் ஆகுமுங்க," என்றார். ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம்.

நான் பஸ் பிடித்துக் கொடுமுடிக்குப் போனேன். போயிருக்க வேண்டாம் என்று இன்றைக்குச் சொல்வது எளிது. அன்றைக்கு என் வண்டி மதிலில் முட்டிக்கொண்டு நின்றது. அதைவிட, வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டுவிட்டார்களே என்று உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சாமிக்கு நன்றி சொன்னேன்.

பின் பம்பர் உள்ளே மடங்கியிருந்தது. கிளட்ச் தீய்ந்த வாடை இருபதடி தூரத்துக்கு வந்தது. சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். கல் வைத்த இடத்திலேயே இருந்தது.

அதற்குள் அவர்கள் மறுபடியும் குடங்களை நிரப்பிப் பூச்சுற்றி வைத்திருந்தார்கள். வண்டி ஆற நேரம் கொடுத்து, சுமையில்லாமல் மெதுவாக மேட்டில் ஏற்றி, சமதளத்துக்கு வந்த பிறகு குடங்களை ஏற்றச் சொன்னேன். கமிட்டித் தலைவர் மடியில் மாலையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொழுந்தனாரும் இன்னும் நான்கு ஆண்களும் பின்னால் குடங்களைப் பிடித்துக்கொண்டார்கள். தனி வேனில் வந்திருந்த பெண்கள் முன்னாலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். பொம்பளை ஓட்டுகிற வண்டியில் தீர்த்தம் வரலாமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வெயில் ஏறியிருந்தது, வேறு வண்டியும் இல்லை.

கிளட்ச் பாதிதான் உயிரோடு இருந்தது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினாலும் எஞ்சின் கத்துமே தவிர வேகம் கூடாது. அதனால் எங்கேயும் நிற்கவிடாமல், ஓட்டம் குறையாமல் கொண்டுவர வேண்டியிருந்தது. ஸ்பீட் பிரேக்கரைத் தூரத்திலேயே பார்த்து கியரைக் குறைத்தேன். ஆடுகளுக்கு ஹாரனை விடாமல் அடித்தேன். உள்ளங்கை வேர்த்து கியர் கம்பி வழுக்கியது. மாமா வழி நெடுக என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஆம்பளையாட்ட ஓட்டறே கண்ணு," என்றார்.

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்துவைத்தேன்.

ஊர் எல்லைக்கல் தெரிந்தது. அங்கிருந்து கோயிலுக்கு லேசான மேடு. எல்லைக்கல் பக்கத்தில் தப்பட்டையோடு ஊரே காத்து நின்றது. தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. நான் கியரைக் குறைத்து மேட்டுக்குத் தயாரானேன். மாமா தொண்டையைச் செருமினார்.

"இங்க நிறுத்திக்க கண்ணு."

"மாமா, நிறுத்தினா மறுபடி கெளம்பாதுங்க. ஓட்டத்துலயே ஏறுனாத்தான் உண்டுங்க."

"தப்பா நெனச்சுக்காத அம்மணி. இதுவரைக்கும் வந்தது வேற. எல்லை தாண்டறப்ப தீர்த்தத்துக்கு முன்னால நீ உக்காந்திருந்தா நல்லா இருக்காது. இனி தம்பி பாத்துக்குவான். நீ எறங்கிக்க."

வீட்டுக்காரர் செத்த அன்றுகூட எனக்கு இப்படி உடம்பு கூசவில்லை. நாற்பது கிலோமீட்டர் ஆகிவந்த கை, ஒரு கல்லைத் தாண்டினால் ஆகாத கை. வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்கள். எனக்கு ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் கைபட்டால் மட்டும் குற்றம். காலை எடுக்காமல் அழுத்தியிருந்தால் அரை நிமிஷத்தில் கோயில் வாசலுக்குப் போயிருப்பேன். யாரால் என்ன செய்திருக்க முடியும்? ஆனால் என் கால் பிரேக்குக்குப் போனது. நானே நிறுத்தினேன்.

பழக்கத்தில் கல்லையும் எடுத்துக்கொண்டு இறங்கி, பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். கொழுந்தனார் என் முகத்தைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார். தப்பட்டை முழங்கியது. எஞ்சின் ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியது. வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை. மூன்றாவது தடவை கத்தியபோது அடியிலிருந்து கரும்புகை வந்தது. கிளட்ச் செத்துவிட்டது.

"தள்ளீட்டே போயர்லாமுங்க," என்று யாரோ சொன்னார்கள். நியூட்ரலில் போட்டுத் தள்ள ஆரம்பித்தார்கள். மேடாக இருந்ததால் இருபதடி தள்ளினால் மூச்சு வாங்க நின்றார்கள். எஞ்சினை அணைத்துவிட்டதால் கால் பிரேக்கும் சரியாகப் பிடிக்காமல், நின்றால் வண்டி பின்னால் வரப் பார்த்தது. "கண்ணு, அந்தக் கல்லக் குடு," என்று மாமா திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

விட்ட இடத்தில் கிடந்த கல்லை எடுத்துவந்து, குனிந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். அவர்கள் தள்ளினார்கள், நான் கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். நின்றார்கள், மறுபடியும் குனிந்து சக்கரத்துக்கு வைத்தேன். "இன்னும் ரெண்டு கை வேணுமுங்க," என்றார் கொழுந்தனார் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு. ஒரு கையில் கல்லை இடுக்கிக்கொண்டு மறு கையால் தள்ளினேன். பின்னால் படுகிற என் கையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முன்னால் பெண்கள் குலவையிட்டார்கள். குடத்திலிருந்து சிந்திய தீர்த்தம் என் தலையில் விழுந்தது.

கோயில் வாசல் வரைக்கும் இப்படியே போனோம். பன்னிரண்டு தடவை குனிந்திருப்பேன். குடங்களை இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள். மாமா வெளியே வந்து, "உன்ற புண்ணியத்துல நல்லபடியா வந்து சேந்துச்சு கண்ணு," என்றார்.

அவர்கள் மேல் இருந்த கோபம் பாதி தீர்ந்துவிட்டது. அவர்கள் அப்படித்தான் என்று எனக்கு முன்பே தெரியும். எல்லைக்கல் பக்கத்திலேயே அந்தக் கல்லைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்திருக்கலாம். வண்டி உருளட்டும், குடம் கவிழட்டும் என்று விட்டிருக்கலாம். கேட்டதும் குனிந்தேனே, பன்னிரண்டு தடவையும் குனிந்தேனே, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.