திருவேங்கடம் விட்டுப்போன வேலை

அரசாங்க வேலைக்கு ஆள் எடுக்க எனக்குத் தெரிந்து மூன்று வழிகள். பரீட்சை எழுதித் தேறுவது ஒன்று. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, தலை நரைக்கும்வரை கடிதத்துக்குக் காத்திருப்பது இன்னொன்று. மூன்றாவது வழிக்கு, வீட்டில் ஒருவர் சர்வீஸில் இருக்கும்போதே சாக வேண்டும். கருணை அடிப்படை என்று அதற்குப் பெயர். செங்கல்பட்டில் எங்கள் அலுவலகத்தில் அந்தக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த ராமானுஜம் நான்தான்.

1997இல் எங்கள் பியூன் திருவேங்கடம் மாரடைப்பில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து அவர் மனைவி சின்னப்பொண்ணு, மகள் ஜோதிலட்சுமியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு நாற்பத்து நான்கு வயது, எட்டாவது பாஸ். பியூன் வேலைக்கு அது போதும். மனு கொடுத்திருந்தால் ஆறேழு மாதத்தில் புருஷன் வேலை கைக்கு வந்திருக்கும்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"பொண்ணு ப்ளஸ் டூ பாஸ் பண்ணியிருக்காளேம்மா. அவ பேர்ல போட்டா கிளார்க் வேலை. நீங்க எதுக்கு இந்த வயசுல பெல் சத்தத்துக்கு எழுந்து ஓடணும்?"

"அவளுக்குக் கல்யாணம் பேசி வச்சிகீது சார். கருங்குழிப் பையன், குமாரு. வேன் ஓட்டுறான்."

"கல்யாணமான பொண்ணுக்கு இதுல இடம் கிடையாது. ஆர்டர் வர்ற வரைக்கும் தள்ளிப் போடுங்க. மிஞ்சிப்போனா ரெண்டு வருஷம்."

எனக்கு வேலை வேண்டாம், மகளுக்குக் கொடுப்பதில் ஆட்சேபனை இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ஜோதிலட்சுமி பேனா மூடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதன்பிறகு வருடத்துக்கு ஒருமுறை, இன்னும் திருமணமாகவில்லை என்று கிராம அதிகாரியிடம் சான்று வாங்கி வருவாள். அந்த அதிகாரி அவள் தெருவில் நாலு பேரிடம் விசாரித்துத்தான் கொடுப்பார். யாராவது எதையாவது சொல்லிவைக்கப் போகிறார்கள் என்று குமார் அந்தத் தெருப்பக்கம் போவதையே விட்டுவிட்டான். மூன்றாவது வருடம் என்னிடம் வந்தான்.

"இன்னா சார், எம்மாம் நாளைக்கு இப்டியே இருக்கிறது? வூட்ல ஒரே பேஜாரு."

"ஃபைல் காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸ்ல இருக்குப்பா."

அது உண்மைதான். கிளார்க் வேலைக்குக் காத்திருப்பவர்கள் பட்டியலில் அவள் பெயருக்கு மேலே எத்தனை பேர் என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை. அடுத்த வருடம் புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

2002இல் குமாருக்கு வேறு இடத்தில் கல்யாணமானது. அதே வாரம் ஜோதிலட்சுமி சான்றோடு வந்தாள். கேள்விப்பட்டேன் என்று இழுத்தேன்.

"ஆமா சார், பத்திரிகை வச்சாங்க. இதுல சீல் சரியா விழுந்துகீதா பாருங்க."

சரியாகத்தான் விழுந்திருந்தது. வாங்கிக் கோப்பில் சேர்த்தேன். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆள் எடுக்கும் தடை நீங்கி 2006இல் கடிதம் வந்தது. கிளார்க் இடம் காலி இல்லை, அலுவலக உதவியாளராகச் சேரச் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். பியூனுக்கு இப்போது அந்தப் பெயர். சம்மதம் என்று எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு முப்பத்தொரு வயது.

சேருகிற அன்று அம்மாவும் கூட வந்திருந்தார்.

"அவரு பாத்த அதே வேலைதானா சார்?"

"ஆமாம்மா."

"அப்ப நானே வந்திருப்பனே. இவளும் இந்நேரம் ரெண்டு புள்ளய பெத்திருப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பவர் குரல்தான். எனக்கு அவமானமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. வருகைப் பதிவேட்டை மகள் பக்கம் திருப்பி வைத்தேன்.

ஜோதிலட்சுமி கையெழுத்துப் போட்டாள். மேசைகளில் கிடந்த எச்சில் டம்ளர்களைப் பொறுக்கித் தட்டில் அடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சார், உங்களுக்கு டீ சக்கர போட்டா, போடாமயா?"