எவரும் விலை கேட்காத கொடுவா

ஐயா, அம்மையீர்,

காலை ஏழு மணி. அசோக் நகரிலிருந்து இரண்டு பேருந்துகள் மாறி, கொட்டிவாக்கம் குப்பத்து மீன் ஏலத்தில் வந்து நிற்கிறேன். இன்று படகுகள் அனைத்தும் வெறும் வலையோடு திரும்பியிருக்கின்றன. மணலில் இருப்பது ஒரேயொரு பெட்டி. இக்கடலுக்குள் கூண்டுகள் அமைத்து மீன் வளர்க்க முனையும் நிறுவனம், வேற்றூர்க் கூண்டிலிருந்து மாதிரிக்குக் கொண்டுவந்த கொடுவா மீன்கள் அதில் உள்ளன.

ஏலக்காரர் மும்முறை கூவுகிறார். சூழ்ந்து நிற்கும் மீன்காரப் பெண்களில் ஒருவரும் விலை கேட்கவில்லை. நிறுவன அலுவலர் விலையைப் பாதியாக்கச் சொல்கிறார். அதற்கும் வாய் திறப்பாரில்லை. பருத்த அம்மையார் ஒருவர் தம் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் அமர்கிறார்.

"மீன் நன்றாகத்தானே இருக்கிறது, அம்மா?" என்று அவரிடம் கேட்கிறேன்.

"மீனுக்கு இன்னா கொற, பெரீவரே? கூண்டு வந்தா அந்தாண்ட எங்காளு வல வுடக்கூடாதாம். இத்த வாங்கி வித்தா, நானே கூண்டுக்கு எடம் குட்த்தா மாதிரி."

"இன்றைய பிழைப்பு?"

"ஒரு நாளு பட்னி கெடந்தா செத்துட மாட்டோம்."

அலுவலர் குறுக்கிடுகிறார்: "சரிம்மா, சும்மாவே எடுத்துட்டுப் போங்க."

"சும்மாவா? கடலையும் அப்டித்தான கேட்டுக்கினு கீற, நைனா!"

கரையே சிரிக்கிறது. பெண்கள் வெறுங்கூடைகளோடு நடக்கிறார்கள். பெட்டியருகே அலுவலர் மட்டும் நிற்கிறார்.

கூண்டுகளுக்கு இக்குப்பம் இசைந்தது என்று நாளை எவரேனும் கூறினால் காட்டும்பொருட்டு, இக்குறிப்பைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.