வெட்டாமல் விட்ட இடம்

எங்கள் ஊரில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் மறுநாள் ஏசுஅடிமை வாசலில் வந்து நிற்பான். "தலைக்கு வெள்ளம் ஊத்தியாச்சா?" என்று கேட்பான். எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேச்சு. பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டதா என்பதுதான் அவன் கேள்வி. சாகக் கிடக்கிற பிள்ளைக்குத்தானே அப்படி அவசரமாக ஊற்றுவார்கள், பிள்ளை பிறந்த வீட்டில் கேட்கிற கேள்வியா இது? பெண்கள் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இளவட்டங்கள் அவனைத் தெருவில் கண்டால் அதே கேள்வியை அவனிடமே கேட்டுச் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்தவன்களில் இரண்டு பேரை நான் அறைந்திருக்கிறேன். விஷயம் தெரியாமல் பல்லைக் காட்டுகிறவனுக்கு வேறு என்ன கொடுப்பது?

அவனும் நானும் ஒரே திமிசுக்கட்டையைப் பிடித்தவர்கள். மண்ணை இடித்து இறுக்குகிற அந்தக் கட்டைக்கு இரண்டு கைப்பிடி. இரண்டு பேரும் சேர்ந்து தூக்கி, சேர்ந்து போட வேண்டும். ஒருவன் மனசு எங்கேயாவது போனால் மற்றவன் காலில் விழும். திருவிதாங்கூர் மராமத்தில் ரோடு போடும்போது தொடங்கிய கூட்டு அது. பிறகு கோட்டாற்று வியாபாரிகள் மோட்டார் கார் வாங்கினார்கள். ரோட்டிலிருந்து வீட்டு நடைவரை கல் பாவி வழி போட ஆசைப்பட்டார்கள். அந்த வேலை எங்களுக்கு வந்தது.

மேலே கல் வைப்பதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். கீழே தரையைப் பக்குவப்படுத்துவதில்தான் ஏசுஅடிமை உயிரை எடுப்பான். முழங்கால் ஆழம் வெட்ட வேண்டும். கறுப்பு மண் ஒரு பிடி கூட மிஞ்சக் கூடாது. ஒரு வேர் கண்ணில் பட்டால் அதன் பின்னாலேயே போய்ப் பிடுங்குவான். சல்லி பரப்பி, மேலே செஞ்சரல் என்கிற சிவப்புச் சரளை போட்டு, இடித்து, கடைசியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அப்படியே விட்டுவிடுவான். காலையில் வந்து தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துக்கொண்டு, எங்கேயாவது தாழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பான். தாழ்ந்திருந்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. வீட்டுக்காரன் கத்துவான், நானும் கத்துவேன்.

"வெள்ளம் ஊத்திப் பாக்காம ஒரு கல்லு வைக்கமாட்டேன்லேய். செய்யுதத முறையாச் செய்யணும்" என்பான். அந்த முறைதான் அவனைத் தின்றது.

அவனுக்கும் கிளாராவுக்கும் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்தது. மூன்றாம் நாள் பிள்ளை முலையைப் பிடிக்காமல் துவண்டுவிட்டது. கிளாராவுக்கோ கொதிக்கிற காய்ச்சல், பாயைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. வீட்டில் வேறு ஆள் கிடையாது. சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். சின்ன வயதிலேயே ஞானோபதேசத்தில் எங்கள் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"பானையில வெள்ளம் கெடக்கு. நீங்களே ஊத்துங்க" என்று கிளாரா கெஞ்சியிருக்கிறாள்.

அவன் தன் கையைப் பார்த்தானாம். "மண்ணு தோண்டுத கை இது. சாமியக் கூட்டிக்கிட்டு வாறேன், முறையா நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஓடினான். எங்கள் கோயில் பாதிரியாரான சாமியார் அன்றைக்கென்று பக்கத்து ஊருக்குப் பூசை வைக்கப் போயிருந்தார். அங்கேயும் ஓடி, அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு திரும்பியபோது பிள்ளை குளிர்ந்து போயிருந்தது. செத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது. சாமியார் கொண்டுவந்த எண்ணெய்ச் சிமிழைத் திறக்காமலே பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்திலும் இடமில்லை. அன்றைய சட்டம் அது. மதிலுக்கு வெளியே ஒரு புன்னை மரம் நின்றது. அதன் அடியில், சிலுவையும் பாட்டும் இல்லாமல் புதைத்துவிட்டு வர வேண்டியதுதான். பெயர் வைக்காத பிள்ளைகள் பல அங்கே கிடந்தன. ஏசுஅடிமை மரத்தடிக்குப் போகவில்லை. மதிலை ஒட்டி, அதன் அடிக்கல்லையே உரசிக்கொண்டு குழி வெட்டினான். கல்லறைத் திருநாளன்று சாமியார் உள்ளே தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார் அல்லவா, ஒரு துளியாவது மதில் தாண்டிப் பிள்ளைமேல் விழாதா என்ற நப்பாசை. வருஷந்தோறும் அந்த நாளில் கிளாரா மதிலுக்கு வெளியே நிற்பாள். உள்ளே சாமியாரின் குரல் நெருங்கி வரும்போது முக்காட்டை விலக்கிவிட்டு அண்ணாந்து பார்ப்பாள். துளி விழுந்ததா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம் கார்த்திகையில், பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் என்கிற சடங்கை நடத்த மேற்றிராணியார், அதாவது பிஷப், எங்கள் ஊருக்கு வருவதாகச் செய்தி வந்தது. அவர் மோட்டார் காரில் வருவார். பெரிய ரோட்டிலிருந்து கோயில் நடைவரை வழி வேண்டும். அதற்கு வாகான இடம் கல்லறைத் தோட்டத்து மதிலோரம்தான். காரை விட்டு இறங்கியதும் மேற்றிராணியார் தம் கையாலேயே தீர்த்தம் தெளித்து, புது வழி முழுவதையும் மந்திரித்து ஆசீர்வதிப்பார் என்று சாமியார் பூசையில் அறிவித்தார். பெண்கள் பக்கத்தில் முழங்காலில் நின்ற கிளாரா சட்டென்று திரும்பி ஏசுஅடிமையைப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை.

வேலை எங்களுக்கே வந்தது. "நீ ரோட்டுப் பக்கம் பாரு. மதிலோரம் நான் வெட்டிக்கிடுதேன்" என்றான் ஏசுஅடிமை. வெட்டியாயிற்று, சல்லியும் சரலும் போட்டாயிற்று, அவனும் நானும் திமிசுக்கட்டையைப் பிடித்து இடித்துக்கொண்டே வந்தோம். மதிலோரம் ஓரிடத்தில் சத்தம் மாறியது. மற்ற இடமெல்லாம் கட்டை விழுந்தால் 'திம்'மென்று கையில் ஏறும். அங்கே 'தொப்'பென்று கிடந்தது. ஒரு தொட்டில் அளவு இடம்.

நான் கட்டையை விட்டுவிட்டேன். "ஏலே, இங்க நீ வெட்டவே இல்லியா?"

"கத்தாத. எனக்க பிள்ள கெடக்கா."

"அது எனக்குத் தெரியாதா மக்கா? மழை வந்தா தாழ்ந்து போவுமே, அப்ப என்ன செய்வ?"

"மேற்றிராணியாரு வந்துட்டுப் போறதுவரைக்கும் தாங்கினா போதும் கிளீட்டஸு. அவரு கையால ஒரு சொட்டு அவமேல விழட்டும். பொறவு தாழ்ந்தா நானே தோண்டுதேன்."

"சாமிகிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னா முடியாதுன்னுவாரு. முடியாதுன்னு ஒரு வார்த்த வந்துட்டா நானும் கிளாராவும் பொறவு எங்க போவோம்?"

எனக்கு எரிச்சல். "அப்ப வெள்ளம் ஊத்திப் பாக்கண்டாமா? முறையில்லா?" என்று வேண்டுமென்றே குத்தினேன். அவன் கைப்பிடியைப் பிடித்தான். அந்த இடத்தில் மட்டும் கட்டையைப் பைய இறக்கினோம். தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் அவன் கல் வைத்த இடம் அது ஒன்றுதான்.

வானம் சும்மா இருக்குமா? கல் பாவி முடித்த மறுநாள் பிடித்த மழை விடவே இல்லை. தினமும் காலையில் கிளாரா ஓலைக்குடையைப் பிடித்துக்கொண்டு வந்து அந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போவாள். கல் அசையவில்லை. நாள் நெருங்க நெருங்க அவள் முகத்தில் ஒரு தெளிச்சம் வந்தது. ஒருநாள் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடச் செய்தாள். பாவி, அந்தச் சிரிப்பை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

மேற்றிராணியார் வருவதற்கு முந்தின நாள், வண்டிக்காரன் தங்கப்பன் பந்தல் கால்களை ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டியை அந்த வழியாக ஓட்டி வந்தான். வழி நெடுக ஒழுங்காக உருண்டு வந்த சக்கரம், அந்தத் தொட்டில் அளவு இடத்தில் மட்டும் அச்சுவரைக்கும் இறங்கியது. கல்லெல்லாம் புரண்டது. சாமியார் குடையோடு ஓடி வந்தார். ஏசுஅடிமையைக் கூட்டிவர ஆள் போயிற்று.

"உன் வேலையா இது ஏசுஅடிமை? உன்னை நம்பித்தானே விட்டேன்! நாளைக்குக் கார் வரணும். தோண்டி எடுத்துட்டு முறையாப் போடு."

முறையாக! அந்தச் சொல்லை அவர் வாயிலா சர்வேசுரன் வைக்க வேண்டும்?

"ஒரே ஒரு நாளு சாமி. பலகை போட்டு மூடிக்கிடலாம்."

"கார் கவிழ்ந்தா ஊரு மானம் என்ன ஆவது? தோண்டு. அவனுக்கு முடியலேன்னா நீ எடு கிளீட்டஸ்."

நான் மண்வெட்டியைத் தொடவில்லை. ஏசுஅடிமை அதை எடுத்து எட்ட எறிந்தான். "எனக்க பிள்ளய நான்தான் எடுக்கணும்" என்று சொல்லி முழங்காலில் உட்கார்ந்து கையால் தோண்டத் தொடங்கினான். அப்போதுதான் சாமியாருக்குப் புரிந்தது. அவர் குடையை மடக்கிவிட்டு மழையில் நின்றார்.

கிளாரா வந்தாள். யார் போய்ச் சொன்னார்களோ, இடுப்பில் ஓலைக் கடவப்பெட்டியோடு வந்தாள். அவன் அள்ளி அள்ளிக் கொடுக்க அவள் கடவத்தில் வாங்கிக்கொண்டாள். பிள்ளை என்று சொல்ல அதில் என்ன இருந்தது? கறுத்த மண், பழைய முண்டின் கரைத் துணி கொஞ்சம். அவ்வளவுதான். கடவத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் சாமியாரிடம் போனாள்.

"சாமி, இத உள்ள கொண்டு போகட்டா?"

மதிலுக்கு அப்பால்தான். இரண்டு எட்டு வைத்தால் கல்லறைத் தோட்டம்.

சாமியார் கெட்ட மனுஷன் அல்ல. காலரா வந்த வருஷம் மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டபோது வீடு வீடாக ஏறி இறங்கியவர். "சட்டம் நான் எழுதினது இல்ல கிளாரா" என்றார். "மத்த பிள்ளைகள் கிட்ட வை. நானும் கூட வாறேன்."

கூட வந்தார். ஆனால் தீர்த்தம் எடுத்து வரவில்லை, ஜெபம் சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மதிலை ஒரே உதையில் தள்ளியிருப்பேன். தள்ளி என்ன செய்ய? சட்டம் மதிலிலா இருக்கிறது?

புன்னை மரத்தடியில் நான் குழி வெட்டினேன். வெட்ட வெட்ட மழைத்தண்ணீர் உள்ளே ஓடி வந்தது. கிளாரா கடவத்தைச் சாய்த்தாள். ஏசுஅடிமை குழியோரம் குனிந்து இரண்டு கையாலும் அந்தத் தண்ணீரை அள்ளினான். என்ன செய்யப் போகிறான் என்று எல்லாருக்கும் புரிந்தது. மண்ணுக்குக் கொடுக்கிற ஞானஸ்நானம் செல்லாது என்று அவனுக்கும் தெரியும். சாமியார் தடுக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் உன்னை..." என்று தொடங்கினான். பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுவிட்டான். பிள்ளைக்குத்தான் பெயரே வைக்கவில்லையே. கையில் தண்ணீரோடு நிமிர்ந்து கிளாராவைப் பார்த்தான்.

கிளாரா பெயர் சொல்லவில்லை.

"காணுத மண்ணுக்கெல்லாம் குடம் குடமா வெள்ளம் ஊத்தினீங்க" என்றாள். "அன்னைக்கு எனக்க பிள்ளைக்கு ஒரு கை ஊத்தல்லியே."

பிள்ளை செத்த நாளிலிருந்து அவள் இதை ஒருதரம் கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. சத்தமாகவும் சொல்லவில்லை. ஏசுஅடிமையின் விரலிடுக்கு வழியே தண்ணீர் வழிந்து தீர்ந்தது. அவன் கையை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு என்ன, வேலை கிடந்ததே. திரும்பிப் போய் அந்த இடத்தை முழங்கால் ஆழம் வெட்டினோம். சல்லி போட்டு, சரல் போட்டு, இடித்தோம். தண்ணீர் ஊற்றிப் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவன் கல்லை வைத்தான்.

மறுநாள் கார் வந்தது, ஒரு குலுக்கல் இல்லை. மேற்றிராணியார் இறங்கி வழி நெடுகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு நடந்தார். மதிலோரம் அந்த இடத்திலும் தெளித்தார். கல்மேல் பெரிய பெரிய துளியாக விழுந்ததை நான் பார்த்தேன். கிளாரா அங்கேதான் நின்றாள், முக்காட்டை விலக்கவில்லை. அந்தக் கல்லுக்கு அடியில் சல்லியும் சரலும்தான் இருந்தன. அந்த இடம் இன்றுவரை தாழவில்லை.