திண்டிவனம் முதல் திருவெண்ணெய்நல்லூர் வரை: நைட்ரஜன் ஷாக்கும் நான் சொன்ன பொய்யும்

திருவெண்ணெய்நல்லூர் பக்கம், பெண்ணையாற்றை ஒட்டி எங்களுக்கு ஒரு கரும்புக் கொல்லை இருக்கிறது. நிலம் என் மனைவி ஸ்டெல்லாவுடையது. பயிர் வைப்பதும் அவள்தான். போன வருடம் அவளுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்தது. பயணம் போகலாம், உடம்பு குலுங்கக் கூடாது என்றார் டாக்டர். கொல்லைக்குப் போகும் கடைசி மூன்று கிலோமீட்டரோ வண்டிப்பாதை, முழுக்கப் பள்ளம். அவளுக்காகவே எங்கள் பழைய ஜீப்பில் நைட்ரஜன் அடைத்த ஷாக் அப்சார்பர்களை மாட்டினேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, காலை 7.40க்குத் திண்டிவனத்திலிருந்து கிளம்பினோம். கரும்பு வெட்டும் ஆட்களின் மேஸ்திரி பன்னிரண்டரைக்குக் கொல்லைக்கு வருவதாகப் பேச்சு. நாங்கள் அங்கே இல்லாவிட்டால் ஆட்களை வேறு கொல்லைக்கு அழைத்துப் போய்விடுவார்.

விக்கிரவாண்டி தாண்டி சர்வீஸ் ரோட்டில் இறங்கியதும் கோளாறு தெரிந்தது. ஒரு மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் பின்பக்க இடது மூலை ஆடிக்கொண்டே இருந்தது. ஸ்டெல்லா சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

திண்டிவனத்திலிருந்து 39 கிலோமீட்டர். 8.50க்கு விழுப்புரம் பைபாஸ் ஓரம் அமுதா என்பவரின் பட்டறையில் நிறுத்தினோம். ஷாக் வேலை மட்டுமே செய்பவர். வண்டியின் மூலையை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.

"வால்வுல யாரனா கை வச்சீங்களா சார்?"

"இல்லீங்க."

"அப்ப சீல்தான் போயிருக்கணும். கழட்டிப் பிரிக்கணும். சாயந்தரம் ஆயிடும்."

துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டி அவர் ஷாக்கை மேசைக்குக் கொண்டுவந்தபோது மணி 10.10. எங்களால் வர முடியாது என்று மேஸ்திரியிடம் சொல்ல ஸ்டெல்லா போனைக் கையில் எடுத்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தாங்க கை வச்சேன்" என்றேன். "நேத்து பிரஷர் பாக்கலாம்னு டயர் கேஜ வச்சி அமுக்கினேன். புஸ்ஸுனு போச்சு."

அமுதா ஸ்பேனரைக் கீழே வைத்தார். "இதுல கேஸ் இருக்கிற எடமே ஒரு டம்ளர் அளவு சார். அந்தக் கேஜ வச்சாலே பாதி போயிடும். முன்னாடியே சொல்லியிருந்தா கழட்டாமலே கேஸ ஏத்தியிருப்பேன்."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "இத வந்ததும் சொல்றதுக்கு இன்னா?"

"உனக்காக மாட்டினத நானே கெடுத்துட்டேன்னு சொல்ல வாய் வரல."

அவள் போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

நைட்ரஜன் சிலிண்டரிலிருந்து 200 பிஎஸ்ஐ அழுத்தம் வரை ஏற்றி, வால்வில் சோப்புத் தண்ணீர் தடவி அரை மணி நேரம் வைத்துப் பார்த்தார் அமுதா. குமிழி வரவில்லை, கசிவு இல்லை. மாட்டி முடிக்க 11.15. மொத்தம் ஆயிரத்து இருநூறு ரூபாய்.

அங்கிருந்து 24 கிலோமீட்டர் தார் ரோடு. வண்டிப்பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஷாக்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் திருப்பி, கொஞ்ச தூரம் ஓட்டினேன். "இன்னும் முதுவுல இடிக்குது" என்றாள். இரண்டு பக்கமும் இரண்டு கிளிக் இளக்கி, நூறு அடி ஓட்டினேன். மறுபடி இரண்டு. நான்காவது முறை, "இது போதும், போங்க" என்றாள். நாங்கள் போனபோது 12.35. மேஸ்திரி பைக்கை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார். ஸ்டெல்லா கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு மெதுவாக இறங்கி, எட்டு மாதத்துக்குப் பிறகு தன் கரும்புக்குள் நடந்தாள்.

இதே போன்ற வண்டியில் போகிறவர்களுக்கு: டயர் கேஜை நைட்ரஜன் ஷாக் பக்கம் கொண்டுபோகாதீர்கள். டயர் கடை நைட்ரஜன் இதற்குப் போதாது. அங்கே அவ்வளவு அழுத்தம் கிடையாது. சுமை கூடினால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள், கேஸை ஏற்றாதீர்கள். திருகை இரு பக்கமும் ஒரே அளவு வையுங்கள். ஷாக்கை நீங்களே பிரிக்க முயலாதீர்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் ஆளை அடித்துவிடும்.

முக்கியமாக, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அன்று விழுப்புரம் வரை அவள் முதுகில் விழுந்த ஒவ்வொரு இடியும் என்னால் விழுந்தது. இன்றுவரை ஸ்டெல்லா அதைச் சொல்லிக்காட்டவில்லை.